தனி மேடையா, நிறுவன ஒப்பந்தமா?

காமன்வெல்த் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்தின் ஊரான வேலூர் சத்துவாச்சாரியில் என்னோடு பளு தூக்கும் தம்பி ஒருவன், டியூப்லைட், முள்கம்பி போன்றவற்றைக் கொண்டு மோதும் ஹார்ட்கோர் மல்யுத்த வீரனாக ஆசைப்படுகிறான். தனியாக ஊர் ஊராகப் போய் மோதுவதா, WWE போன்ற பெரிய மல்யுத்த நிறுவனத்தில் சேர்வதா என்று கேட்டான்.

தனி மேடையில் எவரோடு, எப்படி மோதுவது என்பதில் வீரனின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஆனால் கூலி மோதலுக்கு மோதல்தான். மீதியைப் பனியன் விற்று ஈட்ட வேண்டும். வெற்றி தோல்வி முன்பே பேசி வைத்தது, கண்ணாடி மட்டும் நிஜம். உடைந்த டியூப்லைட் முதுகில் மெல்லிய கீறல்களாக இறங்கும். டிராயிங் பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். தையல் செலவும் பெரும்பாலும் அவன் தலையில்தான்.

நிறுவனத்தில் நிலையான வருமானம், மேடைக் காயத்துக்குச் சிகிச்சை. பதிலுக்கு, மேடையில் அவன் ஏற்கும் பாத்திரத்தை அவர்களே தீர்மானிப்பார்கள்.

அமெரிக்க மல்யுத்த வீரர் மிக் ஃபோலி இரண்டையும் பார்த்தவர். 1995-இல் ஜப்பானின் கவாசாகியில், வெடிக்கும் முள்கம்பிப் பலகைகளுக்கு நடுவே சக வீரர் டெர்ரி ஃபங்கை வென்றார். 1998-இல் நிறுவன மேடையில், பிட்ஸ்பர்க் நகரில், கூண்டின் உச்சியிலிருந்து சுமார் 16 அடி கீழே விழுந்தார். ஆகவே நிறுவனம் என்றால் உடம்பு தப்பிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் 1999-இல் உலகப் பட்டத்தை அவருக்குத் தந்தது அந்த மேடைதான்.

என் வாக்கு நிறுவனத்துக்கே. அதற்கும் முன்னால், தாடையை நெஞ்சோடு ஒட்டி, கைகளால் தரையை அறைந்தபடி முதுகில் விழப் பழகவேண்டும். மல்யுத்த வீரர் கிரேட் காளி ஜலந்தரில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியை விசாரித்துவிட்டு, காட்பாடியில் ரயில் ஏறச் சொல்லியிருக்கிறேன்.