லேட்டக்ஸா, சிலிகானா? பழைய லீவர் பேனாவின் டியூப் பற்றி ஈரோட்டிலிருந்து

பழைய லீவர் பேனாவில் மை தங்கும் ரப்பர் டியூப் மாற்ற வேண்டி வந்தால் எல்லாரும் முதலில் கேட்பது, லேட்டக்ஸ், அதாவது இயற்கை ரப்பர் போடலாமா சிலிகான் போடலாமா என்றுதான். பல வருஷமாக இரண்டையும் போட்டு எழுதிவிட்டேன். ஈரோட்டு வெயிலில் தினமும் சட்டைப் பையில் போகிற பேனாவுக்கு லேட்டக்ஸ்தான் என் தேர்வு. சீக்கிரம் கெட்டுப்போகும், சரி. ஆனால் இருக்கும்வரை ஒழுங்காக இருக்கும். சிலிகான் ரொம்ப நாள் உழைக்கும், சட்டையைக் கெடுக்கும்.

நான் மாற்றி மாற்றி எழுதுவது மூன்று பேனாக்களில். தினசரி வேலைக்கு எஸ்டர்புரூக் ஜே. வீட்டில் எழுத ஜேட் பச்சையில் ஒரு ஷெஃபர். அப்புறம் லீவர் இல்லாமல் டியூபின் மேலுள்ள உறையை விரலால் அழுத்தி மை இழுக்கும் பார்க்கர் 51 ஏரோமெட்ரிக். முதல் இரண்டும் லீவர் வகை. பக்கவாட்டில் உள்ள லீவரைத் தூக்கினால் உள்ளே ஒரு தகடு டியூபை நசுக்கும். விட்டால் டியூப் உப்பி மையை இழுக்கும். வால்டர் ஷெஃபர் 1908-இல் காப்புரிமை வாங்கிய இந்த ஏற்பாட்டில் கெட்டுப்போகிற பொருள் டியூப் ஒன்றுதான். மற்றதெல்லாம் நம்மைவிட அதிக நாள் இருக்கும்.

பழைய பேனா கைக்கு வந்ததும் லீவரைத் தூக்கிப் பார்க்கத்தான் கை போகும். அதைச் செய்யாதீர்கள். உள்ளே டியூப் காய்ந்து கல்லாகியிருந்தால் லீவர் வளையும், இல்லாவிட்டால் அதன் ஊசி பிய்ந்து வரும். பேனாவைக் காதருகே ஆட்டினால் காய்ந்த டியூப் துண்டுகள் கலகலவென்று சத்தம் போடும். சத்தம் வராமல் லீவர் கெட்டியாக நின்றால், ரப்பர் உருகி உள்சுவரில் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உருகின ரப்பரைச் சுரண்டி எடுப்பது காய்ந்த துண்டுகளை எடுப்பதைவிட எரிச்சலான வேலை.

நிப்பு இருக்கும் கழுத்துப் பகுதியைக் கழற்ற ஹேர் டிரையரின் மிதமான சூடு போதும். விரல் தாங்குகிற சூட்டைத் தாண்ட வேண்டாம். செல்லுலாய்டு என்கிற பழைய கால பிளாஸ்டிக் சூட்டில் வளையும், நெருப்புப் பக்கம் போனால் பற்றிக்கொள்ளும். எபோனைட், அதாவது கெட்டி ரப்பரில் செய்த பேனாவை வெந்நீரில் ஊறப்போடவும் கூடாது. கறுப்பு நிறம் வெளுத்துப் பழுப்பாகிவிடும், பாலிஷ் போடாமல் அது திரும்பாது.

இனி அளவு. டியூபின் எண் அதன் வெளிவிட்டத்தை அங்குலத்தில் 64-இல் எத்தனை பங்கு என்று சொல்வது. 16 என்றால் 16/64 அங்குலம், அதாவது 6.35 மி.மீ. எஸ்டர்புரூக் ஜே-க்கு இந்த 16 பொருந்தும். அட்டவணையில் பேனாவின் பெயரைத் தேடி வாங்குவது தொடக்கத்துக்குச் சரி, ஆனால் கடைசித் தீர்ப்பை கழுத்தின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயும் உடலின் உள்விட்டமும்தான் சொல்லும். அதிக மை பிடிக்குமே என்று பெரிய அளவைத் திணிப்பவர்கள் உண்டு. உள்ளே தகட்டுக்கும் இடம் வேண்டும். பெரிய டியூப் சுவரில் உரசும், கழுத்தைச் செருகும்போது முறுக்கிக்கொள்ளும், முறுக்கின இடத்தில்தான் முதலில் கிழியும். இரண்டு அளவுக்கு நடுவில் குழப்பம் வந்தால் நான் சின்னதைத்தான் எடுப்பேன். நீளத்தை உடலோடு ஒட்டி வைத்துப் பார்த்து, அடியில் மூன்று நான்கு மி.மீ. இடம் விட்டு வெட்டுகிறேன்.

மஞ்சள் மண்டியில் கணக்கெழுதும் பெரியவர் ஒருவர் என் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இதுக்குப் போயி வெளிநாட்ல இருந்து டியூப்பு வரவழைக்கோணுங்களா? சைக்கிள் கடைல வால்வ் டியூப்பு கெடைக்குமுங்களே" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் வால்வு டியூப் இரண்டு பக்கமும் திறந்தது, ஒரு முனையை அடைத்தாக வேண்டும். உள்ளே பிடிக்கும் மையும் சொற்பம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் ரப்பர் தோட்டம், நமக்கு பேனா டியூப் மட்டும் கடல் தாண்டி வருகிறது!

ஒட்டுவதற்கு அவலரக்கு, அதாவது ஷெல்லாக். மரச்சாமான் பாலிஷுக்குப் பெயிண்ட் கடையில் செதிலாக விற்பார்கள், ஸ்பிரிட்டில் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளலாம். கழுத்தின் பின்னால் நீட்டும் குழாயில் ஒரு சுற்று தடவி, டியூபை ஏற்றி, ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும். அடுத்த தடவை கழற்றும்போது லேசான சூட்டுக்கே அது இளகிவிடும் என்பதால்தான் இத்தனை வருஷமாக பழுது பார்ப்பவர்கள் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சூப்பர் குளூ போட்டவர்களின் பேனாவை நான் கையில் வாங்குவதில்லை. உடலுக்குள் செருகும் முன் டியூபின் மேல் வாசனை சேர்க்காத டால்க் தூளைப் பூசினால் தகடு உரசாமல் வழுக்கும். குழந்தைக்குப் போடும் பவுடர் இதற்கு ஆகாது.

சிலிகானைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். உருகாது, கல்லாகாது. முக்கியமாக, அதில் கந்தகம் இல்லை. லேட்டக்ஸ் டியூபைக் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்துகிறார்கள். அதிலிருந்து கசியும் வாயு வெளிர் நிறச் செல்லுலாய்டைக் கறுக்க வைக்கும். ஷெஃபர் 1924-இல் கொண்டுவந்த ஜேட் பச்சைப் பேனாக்கள் பலவற்றில் மூடி பச்சையாகவும் உடல் பாசி படிந்த மாதிரியும் இருப்பது இதனால்தான். என் ஷெஃபர் வாங்கும்போதே கறுத்திருந்தது, மேலும் கறுக்க வேண்டாமென்று அதில் சிலிகான் போட்டேன். கறுத்தது திரும்பவில்லை, கூடவும் இல்லை.

தொல்லை என்னவென்றால் சிலிகான் வழியாகக் காற்று மெல்ல உள்ளே போகும், மையின் ஈரம் வெளியே போகும். பாதி மை தீர்ந்த நிலையில் சட்டைப் பையின் சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்தால், மூடிக்குள் ஒரு சொட்டு தயாராக நிற்கும். பங்குனி, சித்திரையில் கரூர் ரோட்டில் பைக்கில் போய் இறங்கிப் பேனாவைத் திறப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். லேட்டக்ஸிலும் இது நடக்கும், இவ்வளவு மோசமில்லை. அரக்கும் சிலிகானைச் சரியாகப் பிடிப்பதில்லை. குழாயின் மேல் டியூப் இறுகி உட்கார்ந்தால்தான் உண்டு. எனவே அது மேசைப் பேனாவுக்குச் சரி, பைப் பேனாவுக்கு வேண்டாம்.

லேட்டக்ஸின் ஆயுளை முடிவு செய்வது மையும் சூடும்தான். கேமல் ராயல் ப்ளூ மாதிரியான கழுவினால் போகிற சாதாரண நீல மையில் எனக்கு டியூப் தொல்லை வந்ததே இல்லை. சாயம் அடர்ந்த, காகிதத்தில் பளபளக்கிற சில மைகளில் அதே டியூப் பிசுபிசுத்துவிட்டது. அந்த வகை மையை இப்போது பார்க்கர் 51-க்கு மட்டும் ஊற்றுகிறேன்.

கழுவும் தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கள் தெருவின் போர்த் தண்ணீர் உப்பு, காய்ந்தால் நிப்புக்கு அடியில் மை கொண்டுவரும் ஃபீடின் காடியில் வெள்ளையாகப் படிகிறது. ஆர்.ஓ. தண்ணீர் போதும். கோவைக்காரர்களுக்கு சிறுவாணித் தண்ணீர் வந்தால் அந்தக் கவலையே கிடையாது. எழுதாமல் ஒதுக்கி வைக்கிற பேனாவைக் கழுவி, நிப்பு கீழே பார்க்கப் பஞ்சின் மேல் நிறுத்தி உலர விடுவது அவசியம்.

பார்க்கர் 51 ஏரோமெட்ரிக்கில் சொல்ல அதிகம் இல்லை. 1948 முதல் வந்த அந்த வகையில் ஒளி ஊடுருவும் பிவிசி டியூப். வாங்கினதிலிருந்து கழுவியிருக்கிறேன், மாற்றவில்லை. அழுக்காகத் தெரிகிறதே என்று அதைப் பிடுங்கி லேட்டக்ஸ் போடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். கிழிந்தால் மட்டும் மாற்றலாம்.

உதிரி லேட்டக்ஸ் டியூபை மொத்தமாக வாங்குவதில் லாபமில்லை, டப்பாவுக்குள்ளேயே வயசாகும். காற்றுப் புகாத ஜிப் கவரில், இருட்டான அலமாரியின் அடித்தட்டில் வைக்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உள்ள பரணில் வைக்காதீர்கள். வீட்டோடு வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும். வெல்டிங் பொறியில் உண்டாகும் ஓசோன் பட்டால் இழுத்துப் பிடித்த ரப்பர் வெடித்துவிடும். கோவை கணபதிப் பக்கம் பட்டறை நடத்தும் என் நண்பருக்கான டியூபுகளும் இப்போது என் அலமாரியில்தான் இருக்கின்றன.