லாரியிலிருந்து கன்டெய்னருக்கு: சென்னையா, தூத்துக்குடியா, கொச்சியா?

கரூர், நாமக்கல், சங்ககிரி பக்கம் ஐந்தாறு லாரி வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால், "ஒரு டிரெய்லர் எடுத்து ஹார்பர் லைனில், அதாவது துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஓட்டும் வேலையில், விடலாமா?" என்ற பேச்சு வராமல் இருக்காது. லோடுக்காக ஷெட்டில் காத்துக் கிடந்து அலுத்தவர்களுக்கு கன்டெய்னர் வேலை சுகமாகத்தான் தெரியும். தார்ப்பாய் கட்ட வேண்டாம், கயிறு இழுக்க வேண்டாம், மூட்டை குறைந்தது என்று பார்ட்டி வாடகையில் பிடிக்க மாட்டார். நாலு மூலையிலும் லாக்கைப் போட்டுவிட்டு வண்டியை எடுக்கலாம்.

சரி, எந்தத் துறைமுகம்? பெரும்பாலானோர் டிரிப் வாடகையை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். நான் மாதத்துக்கு எத்தனை டிரிப் முடியும் என்பதில் இருந்துதான் தொடங்குவேன். வண்டித் தவணை மாதம் 75,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து டிரிப் ஓடினால் டிரிப்புக்கு 7,500 ரூபாய் தவணைக்குப் போகும். துறைமுகக் கேட்டில் நின்று நின்று ஏழு டிரிப்தான் ஓடியது என்றால் அதுவே 10,700 ஆகிவிடும். டீசல் விலையில் ஒன்றிரண்டு ரூபாய் ஏறுவதற்குப் புலம்புகிற நாம் இந்த மூவாயிரத்தைக் கணக்கில் எழுதுவதே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஏற்றுமதி வேலையில் வண்டி துறைமுகத்துப் பக்கத்து யார்டில் காலிப் பெட்டியை (கன்டெய்னரைத்தான் பெட்டி என்போம்) எடுத்து, ஃபேக்டரிக்குப் போய் லோடாகி, திரும்பத் துறைமுகத்துக்கே வர வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே வாடகை. நமக்குப் பழக்கமான ரிட்டர்ன் லோடு இதில் கிடையாது. வண்டி முதலாளி கரூரில் இருந்தாலும் வண்டியின் வீடு துறைமுகம்தான். அங்கே ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீசுக்கும் யார்டுக்கும் அலைய ஒரு நம்பிக்கையான ஆள் இல்லாவிட்டால் எந்த ஊரும் சரிப்படாது.

முதலில் சென்னை. சென்னை என்று ஒரே பெயரில் சொன்னாலும் மூன்று இடங்கள்: சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளின் சரக்கு வருடம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். தூரம் குறைவு, ஸ்ரீபெரும்புதூரில் இருந்து சென்னைத் துறைமுகம் 50 கி.மீ.க்குள்தான். காகிதத்தில் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒரு டிரிப் தாராளமாக ஓடலாம். நடைமுறையில் அந்த 50 கி.மீ.தான் ஆளைத் தின்னும். நகருக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு, மணலி, திருவொற்றியூர் பக்கத்து வரிசை, அப்புறம் கேட். சென்னைத் துறைமுகத்தில் இருந்து மதுரவாயல் போகும் பறக்கும் சாலைக்கு 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள், 2012இல் வேலை நின்றது, 2022 மே மாதம் இரண்டடுக்குச் சாலையாக மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். 20.5 கி.மீ. நீளமுள்ள அந்தச் சாலையை நம்பி இப்போது வண்டி வாங்குவது பிள்ளை பிறக்கும் முன் பெயர் வைக்கிற வேலை.

எண்ணூரும் காட்டுப்பள்ளியும் வேறு கதை. வண்டலூரில் இருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை வழியாக நகருக்குள் நுழையாமலே போய்விடலாம். சென்னை லைனில்தான் இறங்குவேன் என்பவர், தனக்கு வேலை தரும் ஏஜென்டின் பெட்டிகள் எந்தக் கேட்டுக்குப் போகின்றன என்று முதலில் கேட்க வேண்டும். வாடகை ஒன்றே என்றாலும் சென்னைத் துறைமுகக் கேட்டும் இந்தப் பக்கத்துக் கேட்டும் ஒன்றல்ல. குறுகிய தூர வேலைக்குப் பழைய வண்டிகளே நிறைய இருக்கின்றன. தவணை முடிந்த அந்த வண்டிக்காரர்களோடு புது வண்டிக்காரர் வாடகையில் மோத முடியாது.

தூத்துக்குடிதான் நம் பக்கத்துக்காரர்களுக்கு இயல்பான துறைமுகம். கரூரில் இருந்து சுமார் 280 கி.மீ.; திண்டுக்கல், மதுரை வழியாக நாலு வழிச் சாலை. கரூர் வீட்டு உபயோகத் துணி, திருப்பூர் பனியன் எல்லாம் இடம் அடைக்கிற சரக்கு. 40 அடிப் பெட்டி நிரம்பிவிடும், எடை ஏறாது. டயரும் டீசலும் இதில்தான் மிஞ்சும். போக வர 560 கி.மீ., லிட்டருக்கு மூன்றரை கி.மீ. என்று போட்டால் 160 லிட்டர். டீசல் 92 ரூபாய் என்றால் 14,700 சொச்சம். ஒரு பக்கம் காலிப் பெட்டி, மறுபக்கம் துணி என்பதால் இதைவிடக் கொஞ்சம் குறையவும் செய்யலாம்.

இங்கே சிக்கல் எங்கே என்றால் கொழும்பு. தூத்துக்குடிப் பெட்டிகளில் பெரும்பகுதி சின்னக் கப்பலில் கொழும்பு போய் அங்கே பெரிய கப்பல் மாறுகிறது. செங்கடல் பிரச்சினையால் 2024இல் கொழும்பில் நெரிசலானபோது அதன் சூடு இங்கேயும் தெரிந்தது. கப்பல் தள்ளிப்போனால் கேட் திறக்கும் தேதியும் தள்ளிப்போகும், லோடு வண்டி நிற்கும். 2024 செப்டம்பரில் புது முனையம் ஒன்று திறந்ததால் இடநெருக்கடிக்கு வழி பிறந்திருக்கிறது. கொழும்பைச் சார்ந்திருப்பது மாறவில்லை. அதனால் ஹால்டிங் (வண்டி காத்து நிற்பதற்கான காசு) எத்தனை மணி நேரத்துக்குப் பின் தொடங்கும், நாளுக்கு எவ்வளவு என்பதை வாடகை பேசும்போதே எழுத்தில் வாங்குங்கள். பின்னால் கேட்டால் "கப்பல் வராததுக்கு நான் என்ன சார் பண்றது" என்ற பதில்தான் வரும்.

கொச்சியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது கோவைக்காரர்களுக்கான கணக்கு. கொச்சியின் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையம் 2011இல் வந்தது. கோவையில் இருந்து 200 கி.மீ.க்குள். குதிரான் சுரங்கம் திறந்த பிறகு மலைப்பாதைத் தொல்லை தீர்ந்தது. ஆனால் அதற்கு அப்பால் மண்ணுத்தி–இடப்பள்ளி சாலையில் பாலம் கட்டும் வேலையால் வந்த நெரிசலைப் பார்த்து, 2025 ஆகஸ்டில் பாலியேக்கரை சுங்கச்சாவடியில் வசூலையே கேரள உயர் நீதிமன்றம் சில காலம் நிறுத்திவைத்தது. கரூர், நாமக்கல் வண்டிக்கு கொச்சி தேவையில்லை.

துறைமுகத்தை முடிவு செய்தால் வண்டியும் பாதி முடிவாகிவிடும். துணி மட்டும்தான் என்றால் இரண்டு ஆக்ஸில் (அச்சு) டிரெய்லரோடு, வண்டியும் சரக்கும் சேர்த்து மொத்தம் 39.5 டன் வண்டியே போதும். கிரானைட், கனிமம் என்று போனால் 20 அடிப் பெட்டியே முப்பது டன்னைத் தொடும். அதற்கு மூன்று ஆக்ஸில் டிரெய்லர், மொத்தம் 45.5 டன்னோ 55 டன்னோ வேண்டும். பெட்டிக்குள் எடை மறைவாக இருக்கிறதே என்று ஓவர்லோடுக்குத் தலையாட்ட வேண்டாம். 2016 ஜூலையில் இருந்து எடைச் சான்று இல்லாமல் கப்பலில் பெட்டி ஏறாது. உங்கள் ஓவர்லோடு அந்தத் தாளிலேயே இருக்கும். சாலையில் பிடித்தால் 20,000 ரூபாயும், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதமும் அபராதம்.

வெறும் சட்டம் மட்டும் உள்ள ஸ்கெலிட்டன் டிரெய்லரா, தளம் போட்ட பிளாட்பெட்டா? ஸ்கெலிட்டன் எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் பெட்டியைத் தவிர வேறு எதையும் ஏற்ற முடியாது. முதல் வண்டிக்கு நான் லாக் வைத்த பிளாட்பெட்டைத்தான் சொல்வேன். துறைமுகம் மந்தமான மாதத்தில் கம்பியோ மெஷினோ ஏற்றி ஓட்டலாம்.

சொந்தமாகப் பார்ட்டி பிடிப்பதா, பெரிய டிரான்ஸ்போர்ட்டில் அட்டாச் போடுவதா (கமிஷன் கொடுத்து அவர்கள் வேலைக்கு வண்டியை விடுவதா) என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. முதல் ஆறு மாதம் அட்டாச். கமிஷன் போகும், போகட்டும். யார்டில் எந்த ஆளைப் பார்ப்பது, காலிப் பெட்டியை எப்படிச் சோதிப்பது என்பதெல்லாம் அந்தக் கமிஷனுக்குள் அடக்கம். டிரைவர் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொல்லி, எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தளத்தில் ஆணி, எண்ணெய்க் கறை, வாடை இருந்தால் துணிக்காரர் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். எடுக்கும்போதே பள்ளம், கிழிசலை யார்டுச் சீட்டில் எழுதி வாங்காவிட்டால், திருப்பி விடும்போது அது நம் தலையில் விழும்.

பணம் வரும் வேகம் மூன்று ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான், மெதுவாக வரும். டீசல், டோல், டிரைவர் படி எல்லாம் கைக்காசு; பில் பணம் ஒன்று, இரண்டு மாதம் கழித்து. ஒரு டிரெய்லருக்கு இரண்டு மாத ஓட்டுச் செலவைத் தனியாக எடுத்துவைக்க முடியாதவர் இன்னும் ஒரு வருடம் லாரியையே ஓட்டலாம். இறங்குபவர் உத்யம் பதிவை (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) முதலில் எடுத்து, பில்லில் அந்த எண்ணைப் போட வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்காத பார்ட்டி, அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரியில் கழிக்க முடியாது. கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். 2024 ஏப்ரலில் இருந்து நடப்பில் இருக்கிற விதி. மார்ச் மாதத்தில் பாக்கி கேட்டுப் போகும்போது பார்ட்டியின் ஆடிட்டருக்கே இந்த விதி ஞாபகம் வரும்.