முப்பது வருஷத்துக்கு அப்புறமும் பீரோவில் மிஞ்சிய சூப்பர் ஹீரோக்கள்

போன ஆடியில் பீரோவைச் சுத்தம் பண்ணும்போதுதான் கவனித்தேன், ஒரு காலத்தில் மூன்று தட்டு நிறைய இருந்த காமிக்ஸ் இப்போது ஒன்றரைத் தட்டுக்கு வந்துவிட்டது. மிச்சமெல்லாம் கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய புத்தகக் கடைக்கே திரும்பிப் போயாச்சு, பாதி அங்கே வாங்கியதுதான். புதுசாக வாங்கிய சூட்டில் எழுதுகிற விமர்சனத்தை நான் நம்புவதில்லை, அப்போது எல்லாமே நன்றாகத்தான் தெரியும். மூன்றாம் தடவை எடுத்தபோதும் ராத்திரி விளக்கை அணைக்க மனசு வந்ததா இல்லையா, என் கணக்கு அவ்வளவுதான்.

ஆரம்பம் இரும்புக்கை மாயாவி. 1972-ல் முத்து காமிக்ஸ் அவரை வைத்துத்தான் கடையைத் திறந்தது, நான் படித்தது அதற்கு வெகுகாலம் கழித்து, அப்புச்சி வீட்டில் மாமாவின் தகரப் பெட்டியிலிருந்து எடுத்த அட்டை கிழிந்த பிரதிகளில். சோமனூரில் எங்களுக்குத் தறிக்குடோன். எட்டுத் தறி ஓடுகிற சத்தத்தில் பாவு மூட்டை மேல் உட்கார்ந்து படித்திருக்கிறேன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரிகிற ஒரு ஆள், அதைப் படிக்கிற பையனைச் சுற்றி எங்கே பார்த்தாலும் சுவிட்சு, மோட்டார். அம்மா கவலைப்பட்டதில் தப்பே இல்லை.

இத்தனை வருஷம் கழித்தும் அதில் தாங்கி நிற்பது ஓவியம். 1962-ல் இங்கிலாந்தின் வேலியண்ட் பத்திரிகைக்காக ஜீசஸ் பிளாஸ்கோ என்கிற ஸ்பெயின்காரர் வரைந்தது. ஆளே இல்லாத கட்டத்தில் அந்தரத்தில் ஒரு கை, அதன் விரல் மடங்கியிருக்கிற விதத்திலேயே கோபமா பயமா என்று தெரிந்துவிடும். முதல் கதையில் மாயாவி நல்லவரே இல்லை, ஆய்வுக்கூட விபத்தில் கை போனவர், மறையத் தெரிந்ததும் திருடவும் மிரட்டவும் இறங்குகிறார், பிற்பாடுதான் நிழல் படை என்கிற உளவு அமைப்பின் ஏஜெண்ட் ஆகிறார். சின்ன வயதில் ஏஜெண்ட் கதைகள்தான் உசத்தி. இப்போது அந்தக் கெட்ட மாயாவியைத்தான் திரும்ப எடுக்கிறேன். பிந்தைய கதைகளில் வில்லன்கள் ஒருவருக்கொருவர் வித்தியாசமே இல்லாமல் வந்து போகிறார்கள், இரண்டாம் வாசிப்புக்கே இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடர் வேறு ரகம். கூர்மண்டை, கறுப்பு உடை, குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக வேண்டும் என்று வெளிப்படையாகக் கிளம்புகிற ஆள். பெரிய மனுஷன் ஆனபின்தான் தெரிந்துகொண்டேன், டெட் கோவன் ஆரம்பித்த அந்தத் தொடரைப் பிற்பாடு எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். அதற்கப்புறம் திரும்பப் படிக்கையில் அந்தக் கிறுக்குத்தனத்துக்கெல்லாம் அர்த்தம் கிடைத்த மாதிரி இருந்தது. தர்க்கம் கேட்காதீர்கள். காய்ச்சலில் படுத்திருக்கும்போது படிக்க இதைவிட நல்லது இல்லை.

அப்புறம் காலேஜ், உக்கடம், ஆங்கிலம். அங்கே கிடைத்ததெல்லாம் ஒற்றை இதழ்கள்தான், ஒரு கதையின் மூன்றாம் பாகம் இருக்கும், நாலாவது இருக்காது, இரண்டு வருஷம் கழித்து ஐந்தாவது கிடைக்கும். டேர்டெவிலின் 'பார்ன் அகெய்ன்' எனக்கு அப்படித் துண்டு துண்டாகத்தான் வந்தது, முழுத் தொகுப்பு வாங்கினது வேலைக்குப் போனபின். 1986-ல் ஃப்ராங்க் மில்லர் எழுதி டேவிட் மாஸ்ஸுகெல்லி வரைந்தது, 227-ம் இதழில் தொடங்கி ஏழு இதழ். இன்றைக்கும் என்னிடம் ஒரே ஒரு சூப்பர் ஹீரோ புத்தகம் கேட்டால் இதைத்தான் எடுத்து நீட்டுவேன்.

கதை இதுதான்: போதைக்கு அடிமையான பழைய காதலி கேரன் பேஜ், ஒரு ஊசிக்காக டேர்டெவில் வேஷத்துக்குள் இருப்பது வக்கீல் மாட் மர்டாக் என்கிற ரகசியத்தை விற்றுவிடுகிறாள். அது கை மாறி கை மாறி நிழலுலகத் தலைவன் கிங்பினிடம் போகிறது. அவன் அடியாளை அனுப்பவில்லை, பேப்பரை அனுப்புகிறான். வரித்துறை கணக்கை முடக்குகிறது, வீட்டுக் கடன் தவணை வந்துசேரவில்லை என்று பேங்க் சொல்கிறது, ஒரு போலீஸ் அதிகாரி பொய்ச் சாட்சி சொல்ல வக்கீல் தொழிலே போகிறது. இருபது வயதில் படித்தபோது இந்தப் பகுதியை வேகமாகப் புரட்டிவிட்டுச் சண்டை எங்கே என்று தேடினேன். கூலி நெசவு படுத்து, தறிக்கு வாங்கின கடனுக்கு மாசாமாசம் பேங்க் ஆள் திண்ணையில் வந்து உட்கார்ந்த வருஷம் திரும்ப எடுத்தேன். மாட் மர்டாக் அந்தக் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிற பக்கத்தைத் தாண்டவே முடியவில்லை, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். கடைசியில் வீட்டையே வெடி வைத்துத் தகர்க்கிறான் பாருங்கள், கிங்பின் செய்த தப்பு அதுதான். அதுவரை கெட்ட நேரம் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு இது ஒருவன் வேலை என்று அங்கேதான் உறைக்கிறது.

குறையும் சொல்லிவிடுகிறேன். கடைசி இரண்டு இதழில் நியூக் என்கிற வெறிபிடித்த சிப்பாயும் கேப்டன் அமெரிக்காவும் நுழைந்ததும் கதை வேறு ஊருக்குப் போய்விடுகிறது. அஞ்சாவது பாகத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றுகிறது.

எக்ஸ்-மென் விஷயத்தில் என் கருத்து மாறியிருக்கிறது, கீழ்நோக்கித்தான். கிறிஸ் கிளேர்மான்ட் 1975-லிருந்து 1991 வரை ஒரே ஆளாக எழுதினார், அந்தப் பொறுமைக்கே கும்பிடலாம். ஆனால் மனுஷன் ஓயாமல் பேசுகிறார். ஜான் பைர்ன் அழகாக வரைந்து வைத்த கட்டத்தின் மேல், அதில் என்ன நடக்கிறது என்று மூன்று வரி எழுதுவார். 1980-ல் வந்த டார்க் பீனிக்ஸ் கதை மட்டும் இன்னும் கொஞ்சமும் சாயம் போகவில்லை. எக்ஸ்-மென் கூட்டத்தில் ஒருத்தியான ஜீன் கிரே சக்தி முற்றிப்போய் ஒரு சூரியனை விழுங்க, அதை நம்பியிருந்த ஒரு உலகமே அழிகிறது. சக்தியைப் பிடுங்கிவிட்டு அவளை உயிரோடு விடுவதாகத்தான் முதலில் முடித்திருந்தார்கள், இத்தனை கோடி உயிரைக் கொன்றவள் சும்மா போகக் கூடாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் பிடிவாதம் பிடிக்க, 137-ம் இதழில் அவள் சாகும்படி மாற்றினார்கள். மாற்றியது நல்லதாகப் போயிற்று.

1986-ல் அவளை எழுப்பிவிட்டார்கள். செத்தது ஜீனே இல்லையாம், அவள் உருவில் வந்த சக்தியாம், நிஜ ஜீன் கடலடியில் ஒரு கூட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாளாம். செத்தவர் எழுவது எனக்குப் புதுசில்லை, எங்கள் கொங்குப் பக்கத்து அண்ணன்மார் கதை கேட்டு வளர்ந்தவன் நான். படுகளத்தில் பொன்னரையும் சங்கரையும் தங்காள் எழுப்புகிற இடத்தில் எங்கள் ஆத்தா அழாத வருஷம் கிடையாது. ஆனால் அங்கே எழுந்தவர்கள் தங்கச்சியோடு சித்த நேரம் பேசிவிட்டு மறுபடி போய்விடுவார்கள். நிரந்தரமாக எழுந்து வந்து அடுத்த மாசம் புதுத் தொடரும் ஆரம்பித்தால் கதை பாடுகிற உடுக்கைக்காரரை ஊருக்குள் விடுவார்களா? அதற்குப் பிறகு வந்த ஜீன் கதைகளை எல்லாம் விற்றுவிட்டேன்.

வால்ட் சைமன்சனின் தோர் என் தறிக்குடோன் காதுக்கென்றே செய்தது. 1983-ல் 337-ம் இதழோடு அவர் எழுதி வரைய ஆரம்பிக்கிறார். எங்கேயோ ஒரு உருவம் நெருப்பில் வாள் அடித்துக்கொண்டிருக்கிறது, 'டூம்' என்று பெரிய எழுத்தில் சத்தம், அவ்வளவுதான். யார், எதற்கு என்று சொல்லாமல் இதழுக்கு இதழ் நடுவில் அந்தச் சத்தம் மட்டும் வந்துபோகும். அது சர்ட்டர், உலகத்தை எரிக்கக் கிளம்புகிற அசுரன் என்று வெளிப்படையாகத் தெரியவே பல மாசம் ஆகிறது. தடக் தடக் என்று தறி ஓடுவது காதில் விழுவதை நிறுத்தி, உடம்புக்குள் போய்விடும் இல்லையா, அந்த மாதிரி.

அதில் 362-ம் இதழ் தனி. ஸ்கர்ஜ் என்று ஒரு எடுபிடி வில்லன், காலமெல்லாம் ஒரு மந்திரக்காரியின் பின்னால் அலைந்து ஏளனம் வாங்கியவன். சாவுலகத்திலிருந்து மற்றவர்கள் தப்பிக்க ஒருவன் பாலத்தில் நின்று படையைத் தடுக்க வேண்டும். தோர்தான் நிற்கக் கிளம்புகிறான், இவன் அவனைப் பின்னாலிருந்து அடித்து மயக்கிப் போட்டுவிட்டு இரண்டு துப்பாக்கியோடு தான் நிற்கிறான். எங்கள் பக்கமாக இருந்தால் அந்தப் பாலத்து முனையில் ஒரு நடுகல் வைத்து வருஷத்துக்கொரு தடவை பொங்கல் வைத்திருப்பார்கள்.

எல்லா ஹீரோவையும் ஒரே கதைக்குள் இழுத்துவிடுகிற மெகா நிகழ்வுப் புத்தகங்கள் ஒன்றுகூட மூன்றாம் வாசிப்பு தாண்டவில்லை. நோம்பிக்கு ஒறம்பரை வந்த வீடு மாதிரி, எல்லோரையும் பார்த்தோம், ஒருத்தரிடமும் பேசவில்லை. ராபர்ட் கிர்க்மேனின் 'இன்வின்சிபிள்' 2003-ல் தொடங்கி 144 இதழில் 2018-ல் முறையாக முடிந்தது, முடிந்ததற்காகவே பாதி மார்க் போடுவேன், நடுவில் ரத்தம் கொஞ்சம் ஜாஸ்தி.

புத்தகமாக இவை உழைத்த விதமும் சொல்ல வேண்டும். பழைய நியூஸ்பிரிண்ட் மஞ்சளானாலும் படிக்க முடிகிறது. பசை வைத்து ஒட்டின தடிமனான தொகுப்புகள் மூன்று நாலு வாசிப்பிலேயே நடுவில் பிளந்துவிட்டன, என் டேர்டெவில் இப்போது ரப்பர் பேண்ட் போட்டுத்தான் நிற்கிறது. டேப்லெட்டில் படித்துப் பார்த்தேன், ஒற்றைப் பக்கத்துக்குச் சரி, இரண்டு பக்கம் சேர்த்து வரைந்த தோர் காட்சிகள் அதில் தபால்தலை ஆகிவிடுகின்றன.

மாயாவியின் மறுபதிப்பு ஒன்று ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாங்கினேன், அது இப்போது தம்பி மகனிடம் இருக்கிறது. நாலாம் வகுப்பு. படித்துவிட்டு ராத்திரி சாப்பாட்டில் கேட்டான்: "பெரியப்பா, இவருக்கும் தறிக்காரங்களுக்கு மாதிரி கரண்ட்டு ஃப்ரீ யூனிட் உண்டுங்களா?" தம்பிக்குப் புரை ஏறிவிட்டது. இரண்டாம் தடவை படித்தானா என்று இன்னும் கேட்கவில்லை.