மேற்கு பார்த்த வாசல், மூன்று நிறங்கள்: முன்கதவுக்கு வண்ணம் பூசிய அனுபவம்

தென்காசியில் இருக்கும் எங்கள் வீட்டின் வாசல் மேற்கு பார்த்தது. கதவுக்கு நிறம் தேர்ந்தெடுக்கும்போது எல்லாவற்றுக்கும் முன்பாக நினைத்திருக்க வேண்டிய செய்தி இதுதான் என்பது எனக்கு மூன்றாவது முறைதான் புரிந்தது. மாசியிலிருந்து வைகாசி வரை பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வெயில் சன்ஷேடுக்குக் கீழே சரிந்து கதவின் மேல் நேராக விழும். ஆனி பிறந்துவிட்டால் செங்கோட்டைப் பக்கமிருந்து வீசும் காற்று சாரலைக் கொண்டுவந்து அதே கதவில் அடிக்கும். ஆண்டில் பாதி நாள் காய்ந்து, கால்வாசி நாள் நனையும் ஒரு பலகைக்குத்தான் நாங்கள் 2014-இல் பாலேட்டு நிறமும், 2017-இல் சிவப்பும், 2020-இல் கரும்பச்சையும் பூசினோம்.

வேங்கை மரக் கதவுக்கு வண்ணம் எதற்கு, பாலிஷ் போட்டால் போதாதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நிழலில் இருக்கும் கதவாக இருந்தால் நானும் பாலிஷ்தான் போட்டிருப்பேன். நிறமற்ற வார்னிஷ் வெயிலை மரத்துக்குள் விட்டுவிடும். அடியில் மரம் வெளுத்து நார் நாராகி, மேலே இருக்கும் படலம் செதிள்களாக உரியும். வண்ணத்தில் இருக்கும் நிறமித் துகள்கள் வெயிலைத் தடுத்து நிறுத்துவதால் மரம் தப்பிக்கிறது. எதிர்வீட்டுத் தேக்குக் கதவை ஆண்டுக்கு ஒருமுறை தேய்த்து பாலிஷ் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால், இந்த முடிவில் எனக்கு இதுவரை வருத்தம் இல்லை.

பாலேட்டு நிறத்தைத் தேர்ந்தெடுத்தது முழுக்க முழுக்க என் ஆசை. சுவரும் வெளிர்நிறம், கதவும் வெளிர்நிறம், முகப்பு பளிச்சென்று இருக்கும் என்று எண்ணினேன். பெயிண்டர் அண்ணாச்சி அன்றே எச்சரித்தார்: "வேங்கைக்கு வெள்ளை ஆகாது சார், மழைத்தண்ணி பட்டா கறை விடும்." வேங்கைக் குவளையில் நீர் ஊற்றி வைத்தால் அது பழுப்பாக மாறுவதைப் பார்த்திருந்தும், அதே சாறு கதவிலும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் சாரலிலேயே பலகை சட்டத்தோடு சேரும் காடிகளிலிருந்து தேநீர் நிறத்தில் கோடுகள் வழிந்தன. துடைத்தால் போயின, அடுத்த மழைக்குத் திரும்ப வந்தன. போதாததற்கு, வெயில் படாத உட்புறம் இரண்டே ஆண்டுகளில் பழைய காகிதம்போல் மஞ்சளித்துவிட்டது. எண்ணெய் கலந்த எனாமல் வெளிச்சம் குறைந்த இடத்தில் மஞ்சளிக்கும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் நிலையில் அம்மா வைக்கும் மஞ்சள் வெயிலில் தானாக வெளுத்துவிடும். கடைக் குங்குமத்தின் சாயம் மட்டும் இளஞ்சிவப்புத் திட்டாகத் தங்கிவிடும். கைப்பிடியைச் சுற்றிப் படிந்த அழுக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அந்தச் சலிப்பில் 2017-இல் நேர் எதிராகப் போய், தபால்பெட்டிச் சிவப்பைத் தேர்ந்தெடுத்தோம். பூசி முடித்த அன்று தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஓராண்டுக்குள் வெயில் படும் கீழ்ப்பாதி வெளிறத் தொடங்கியது. இரண்டாம் ஆண்டில் விரலால் தடவினால் ரோஜாநிறப் பொடி ஒட்டிக்கொண்டது. சன்ஷேடின் நிழலிலேயே இருந்த மேல்பகுதி மட்டும் பழைய சிவப்பாக இருந்ததால், ஒரே கதவு இரண்டு துண்டுத் துணியைத் தைத்ததுபோல் தெரிந்தது. பளிச்சென்ற சிவப்புகளில் பெரும்பாலானவை வெயில் தாங்காத சாயங்களால் ஆனவை. செங்காவி போன்ற இரும்பு ஆக்சைடு சிவப்போ எத்தனை ஆண்டு வெயிலில் நின்றாலும் எளிதில் வெளுக்காது. அப்படியானால் செங்காவியே பூசிவிடலாம் என்று நான் சொன்னபோது, கோயில் மதில்போல இருக்கும் என்று வீட்டில் ஒருவரும் ஒப்பவில்லை. எனக்கு இன்னும் அந்த ஆசை உண்டு.

மூன்றாவது முறை அவசரப்படவில்லை. ஷேடு கார்டில் விரல்நக அளவுக்குத் தெரியும் நிறம் ஏழடிக் கதவில் வேறாகத் தெரியும் என்பதால், நான்கு நிறங்களைக் கால் லிட்டர் வீதம் வாங்கி, ஆளுயர பிளைவுட் துண்டுகளில் பூசி, வாசலில் சாய்த்து வைத்தோம். காலை நிழலிலும், மாலை வெயிலிலும், இரவு திண்ணை விளக்கிலும் பத்து நாள் பார்த்தோம். கடையில் மனத்தைக் கவர்ந்த நீலம் இரவு விளக்கில் கறுப்பாகிவிட்டது. கறுப்பு அம்மாவுக்கு ஆகாது. வாஸ்து தெரிந்தவர்கள் மேற்கு வாசலுக்கு ஆளுக்கொரு நிறம் சொன்னதால் அந்தப் பேச்சு தானாகவே அடங்கிப் போனது. கடைசியில் எஞ்சியது மாவிலையின் முதிர்ந்த பச்சை. அதன் மேல் மஞ்சளும் குங்குமமும் இட்டுப் பார்த்த பிறகுதான் அம்மா தலையசைத்தார். பளபளப்பு மிகுந்த எனாமலை விட்டு, மிதமான மினுமினுப்புடைய சாட்டின் வகையை எடுத்தோம். பலகையின் மேடுபள்ளங்களை அது அவ்வளவாகக் காட்டிக்கொடுப்பதில்லை.

நிறத்துக்குச் செலவிட்ட கவனத்தைவிட அடித்தளத்துக்குச் செலவிட்டது கூடுதல். சிவப்புக்கு அடியில் இருந்த பழைய பூச்சு 2014-இல் வாங்கியது. வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லி, குழந்தையை அந்த இரண்டு நாளும் பின்கட்டிலேயே வைத்திருந்தோம். கறையை அடக்க பிரைமருக்கு முன் அரக்கு கலந்த ஸ்பிரிட் பாலிஷ் ஒரு பூச்சு கொடுத்தார் அண்ணாச்சி. பிறகு கீலைக் கழற்றிக் கதவைப் படுக்கவைத்து, யாரும் பார்க்காத அடிவிளிம்புக்கும் மேல்விளிம்புக்கும் பிரைமரும் வண்ணமும் பூசச் சொன்னேன். முந்தைய இரண்டு முறையும் கதவு அடியிலிருந்துதான் உரியத் தொடங்கியது. பூசாத அந்த விளிம்பு திரிபோல் நீரை உறிஞ்சியதே காரணம். மாசி மாதத்தில் காலை நேரத்தில் மட்டும் பூசி, மதியத்துக்கு மேல் வெயில் மறைக்கப் பழைய பாயைத் தொங்கவிட்டோம். இரண்டு பக்கமும் இரண்டு பூச்சுக்கு ஒரு லிட்டர் போதுமானதாக இருந்தது. விளிம்பு நிலையோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இரண்டு இரவு கதவைத் திறந்தே வைக்க வேண்டியிருந்ததால், நான் திண்ணையில் கட்டில் போட்டுப் படுத்தேன்.

ஐந்து சாரல் பருவங்களைத் தாண்டிய பின்னும் கறை எட்டிப்பார்க்கவில்லை. நிறம் சற்றே மங்கியிருக்கிறது. சன்ஷேடின் நிழல்கோடு உற்றுப் பார்ப்பவருக்கு மட்டும் தெரியும். அடிவிளிம்பு உரியவில்லை. ஆனால் குறைகளும் உண்டு. அடர்நிறம் அழுக்கை மறைக்கும் என்று நினைத்தது தவறு. சாரல் காய்ந்த பின் நீர்த்துளித் தடங்களும் ஆடிக்காற்றின் புழுதியும் பச்சையில் துல்லியமாகத் தெரிகின்றன, வாரம் ஒருமுறை ஈரத்துணி தேவைப்படுகிறது. சித்திரை மாலையில் கதவைத் தொட்டால் பாலேட்டு நிறக் கதவைவிட நன்றாகவே சுடுகிறது. அந்தச் சூட்டில் பலகைகள் சுருங்கும்போது காடிக்குள்ளிருந்து வண்ணம் படாத மரம் நூலளவுக்கு வெளியே தெரிகிறது. ஐப்பசி மழைக்குப் பின் மறைந்துவிடுகிறது. அந்தக் கோட்டைத் தொட்டுச் சரிசெய்ய இரண்டாம் ஆண்டு கால் லிட்டர் வாங்கினேன். கடைக்காரர் நினைவிலிருந்து கலந்து கொடுத்தது ஒரு பிடி வெளிறிப் போனதால், நாதாங்கிக்கு அருகே ஒரு திட்டு இன்றும் வேறுபட்டு நிற்கிறது. முதல் டின்னின் மூடியில் ஒட்டியிருந்த கலவைக் குறியீட்டை அன்று நான் எடுத்துச் செல்லவில்லை.

வருகிற மாசியில் மீண்டும் பூச வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். இம்முறை முழுவதும் சுரண்டத் தேவையில்லை, லேசாகத் தேய்த்து ஒரு பூச்சு போதும் என்கிறார் அண்ணாச்சி. அந்த டின்னின் மூடி பரணில் பத்திரமாக இருக்கிறது.