ஸ்பீக்கர் ட்விட்டரை ‘மாடிஃபை’ செய்யக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்பீக்கர் சர்வீஸ் கடையில், பழைய டவர் பாக்ஸ் ஜோடி ஒன்றின் ட்விட்டரை (கீச்சான, மெல்லிய சத்தங்களைத் தரும் சின்ன ஸ்பீக்கரை) ‘மாடிஃபை’ செய்கிறோம் என்று பணம் வாங்கிக்கொண்டு கெடுத்துக் கொடுத்துவிட்டார்கள். தருமபுரி, காவேரிப்பட்டணம் பக்கமிருந்து யாராவது இதே வேலைக்குக் கிளம்பினால், இந்த விவரம் தெரிந்திருக்கட்டும்.

பாக்ஸில் இருந்தது 8 ஓம், 25 மி.மீ. சில்க் டோம் ட்விட்டர்; அசைந்து சத்தம் தரும் துணிக் குமிழ்தான் டோம். ஜாலரா, சலங்கைச் சத்தம் மங்கிப்போனதுதான் குறை. வயதான ட்விட்டரில் இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்: காந்த இடைவெளியில் இருக்கும் ஃபெர்ரோஃப்ளூயிட் என்ற காந்தத் திரவம் கெட்டியாகி, டோமை அசைக்கும் காயிலை (ஒயர் சுருளை) பிடித்துக்கொள்ளும், அல்லது சத்தத்தைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் கிராஸ்ஓவர் போர்டில் உள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் காய்ந்துவிடும்.

கடையில் 4.7 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை எடுத்துவிட்டு 10 மைக்ரோஃபாரட் போட்டிருக்கிறார்கள். பில்லில் இருப்பது ‘இம்போர்ட்டட் ஃபிலிம்’. பாக்ஸுக்குள் இருப்பது மைனஸ் கோடு போட்ட, பிளஸ்-மைனஸ் பார்த்து மாட்ட வேண்டிய சாதாரண எலெக்ட்ரோலிட்டிக். ஏ.சி. சிக்னல் ஓடும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை. சீரிஸில் இருந்த 2.2 ஓம் ரெசிஸ்டரையும் கழற்றிவிட்டு நேராக ஒயர் கொடுத்துவிட்டார்கள்.

ரெசிஸ்டர் போனதாலேயே ட்விட்டர் சத்தம் சுமார் 2 டெசிபல் கூடும். கடையில் வைத்துக் கேட்டபோது ‘பளிச்’ என்று இருந்ததன் ரகசியம் இவ்வளவுதான். ஆனால் சுமார் 3,300 ஹெர்ட்ஸில் இருந்த கட்-ஆஃப் (அதற்குக் கீழுள்ள சத்தம் ட்விட்டருக்குப் போகாமல் குறைக்கப்படும் எல்லை) 2,000-க்கு இறங்கிவிட்டது. அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்கு டோம் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 25 மி.மீ. டோம் அதைத் தாங்காது.

மிக மோசமானது மூன்றாவது வேலை. கெட்டியான ஃப்ளூயிடைத் துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். ஃபெர்ரோஃப்ளூயிட் காந்தத்தில் ஒட்டி நின்று, காயிலின் சூட்டை இரும்புத் தகட்டுக்குக் கடத்துகிற பொருள். எண்ணெயைக் காந்தம் பிடித்து வைக்காது. வழிந்து பசையில் ஏறிவிடும். ஒரு ட்விட்டரில் காயில் கருகி ஒயர் எழும்பிவிட்டது. மற்றதில் ‘ச’ வரும் இடமெல்லாம் கரகரப்பு.

ஒழுங்கான வேலை சின்னதுதான். ஃபில்டர் பேப்பரை மெல்லிய பட்டையாக நறுக்கி, இடைவெளியில் விட்டு, கறை வராதவரை எடுக்க வேண்டும். இரும்புத்தூளை மாஸ்கிங் டேப்பில் ஒற்றி எடுக்கலாம். பிறகு ட்விட்டருக்கென விற்கும் ஃபெர்ரோஃப்ளூயிட் சில துளி. ஸ்க்ரூடிரைவரைக் காந்தத்தின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. இழுத்து டோமைக் குத்திவிடும். கெபாசிட்டர் மாற்றினால் அதே 4.7 மைக்ரோஃபாரட், பாலிப்ராப்பிலீன் ஃபிலிம் வகை, 100 வோல்ட் அல்லது அதற்கு மேல். ரெசிஸ்டரைத் தொட வேண்டாம். பொருள் இங்கே கிடைக்காவிட்டால் பெங்களூரில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எஸ்.பி. ரோடு போய்ப் பார்க்கலாம்.

கொடுக்கும் முன் கிராஸ்ஓவர் போர்டைப் போட்டோ எடுங்கள். மல்டிமீட்டரில் இரண்டு ட்விட்டரையும் தனியாக அளந்து குறியுங்கள். 8 ஓம் ட்விட்டர் பொதுவாக 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். திரும்ப வாங்கும்போது பழைய பொருளைக் கையில் கேளுங்கள். தராவிட்டால், பாக்ஸை அங்கேயே திறந்து காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு பணம் கொடுங்கள்.