இடது கைக்கு ஒரு கத்தி: திருப்பாச்சேத்திப் பட்டறையில் செய்து வாங்கியது

மதுரையில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். மதியச் சாப்பாடு மட்டும்தான், சராசரியாக 120 இலை. அதற்குத் தினமும் எட்டுக் கிலோ வெங்காயம், பதினைந்து கிலோ காய் நறுக்க வேண்டும். காலை ஐந்தரைக்குக் கையில் எடுக்கிற கத்தியைப் பத்து மணிக்குத்தான் கீழே வைப்பேன். நான் இடக்கைக்காரன். சாணை பிடிக்கிறவர் தன் கைவாக்கில் ஒரு பக்கமாகத் தேய்த்துக் கொடுப்பார், அது எனக்கு எதிர்ப்பக்கமாக இருக்கும். பூசணிக்காயில் இறக்கினால் கத்தி தன்பாட்டுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் 1,800 ரூபாய் கொடுத்து ஒரு ஸ்டெயின்லெஸ் கத்தி வாங்கினேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. இரண்டு கருணைக்கிழங்கு, ஒரு பலாக்காய், அதோடு வெட்டும் முனை மழுங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் திருப்பாச்சேத்திக்குப் போனேன். மதுரையிலிருந்து மானாமதுரை போகிற வழியில் சுமார் 30 கிலோமீட்டர், ராமேஸ்வரம் ரயிலும் நிற்கும். ஊர்ப் பெயரைச் சொன்னாலே எல்லோருக்கும் அரிவாள்தான் ஞாபகம் வரும். கருப்பசாமிக்கும் அய்யனாருக்கும் நேர்த்திக்கடனாக வைக்கிற ஆள் உயர அரிவாள்கள் இங்கே செய்வதுதான். சமையல் கத்தி செய்வார்களா என்ற சந்தேகத்தோடுதான் போனேன்.

எனக்குக் கத்தி செய்து கொடுத்த பட்டறைப் பெரியவருக்கு 68 வயது. பதினோரு வயதில் அப்பாவுக்குத் துருத்தி ஊத ஆரம்பித்தவர். அன்றிலிருந்து வேறு வேலைக்குப் போனதில்லை. மகன் கோயம்புத்தூரில் கம்பெனி வேலையில் இருக்கிறார், கூப்பிட்டும் இவர் போகவில்லை. முதலில் ஒரு நோட்டை நீட்டி என் பெயர், ஊர், போன் நம்பர், எதற்காக வாங்குகிறேன் என்று எழுதச் சொன்னார். போலீஸ் சொல்லியிருக்கிறார்களாம். எழுதிக் கொடுத்ததும், "பழைய கத்தி இருந்தா காட்டுங்க தம்பி" என்றார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முனையை அவர் பார்க்கவே இல்லை. மரப்பிடியைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடியின் வலப்பக்கத்தில் கட்டைவிரல் பட்டுப் பட்டுக் குழிந்திருந்தது.

"இடக்கையா?"

இத்தனை வருஷத்தில் எந்தக் கடைக்காரரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

கத்திக்கான இரும்பு லாரிப் பட்டைதான். பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையை வாங்கி, துண்டு போட்டு, கரி உலையில் காய்ச்சி அடிக்கிறார். டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிற என் மகன் கூட வந்திருந்தான். அந்தப் பட்டையில் கார்பன் அரை சதவீதத்துக்கு மேல் இருக்கும், அதனால்தான் தோய்ச்சல் போட்டால், அதாவது காய்ச்சித் தண்ணீரில் இறக்கினால், முனை இறுகுகிறது என்று விளக்கினான். பட்டறை பட்டப்பகலிலும் அரையிருட்டாக இருந்தது. ஒரு பக்கம் மட்டும் தகரத்தைத் தூக்கிவிட்டிருந்தார்கள். "வெயில்ல பாத்தா இரும்போட நெறம் ஏமாத்திரும்" என்றார்.

சம்மட்டி போடுவது அவர் மனைவி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே நிற்கிறார். இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பெரியவர் சின்னச் சுத்தியலால் இரும்பில் ஒரு தட்டுத் தட்டுவார், அதே இடத்தில் அந்த அம்மாவின் சம்மட்டி விழும். அவர் சுத்தியல் அரை விரல் நகர்ந்தால் சம்மட்டியும் அரை விரல் நகர்கிறது. பட்டறைக்கல்லில் வெறுமனே டக் டக் என்று இரண்டு தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். அந்த அம்மா சம்மட்டியை இறக்கிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொள்வார். கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மதியம் கத்தி உருவாகிவிட்டது. காய்ச்சி, முனையை மட்டும் கல்தொட்டித் தண்ணீரில் இறக்கினார். 'டிக்' என்று ஒரு சத்தம், விரலில் சொடக்குப் போட்ட மாதிரி. எனக்குச் சரியாகக்கூடக் கேட்கவில்லை. கத்தியை வெளியே எடுத்தவர் திருப்பிக்கூடப் பார்க்காமல் மூலையிலிருந்த பழைய இரும்போடு போட்டுவிட்டார். மகன் போய் எடுத்துப் பார்த்தான், முடி கனத்துக்கு ஒரு கீறல் இருந்தது. "இதையே தேச்சுக் குடுத்தா உங்களுக்குத் தெரியாது. ஆறு மாசம் கழிச்சு வெங்காயம் அரியும்போது ஒடையும்" என்று சொல்லிவிட்டு, புதுத் துண்டு ஒன்றை வெட்டி உலையில் வைத்தார். அந்த அம்மாவும் முணுமுணுக்காமல் சம்மட்டியைத் தூக்கினார். அரை நாள் வேலையும் கரியும் போனது. அதற்காக எங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை.

இரண்டாவது கத்தி கீறல் விடாமல் நின்றது. முனையைத் தண்ணீரில் காட்டி எடுத்ததும், செங்கல் துண்டால் ஒரு இழுப்பு இழுத்துக் கருப்பைப் போக்கினார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெல்ல முனைக்கு இறங்கியது. வெள்ளையாக இருந்த இரும்பில் வைக்கோல் நிறம் ஊர்ந்து வந்தது. முனையைத் தொட்டதும் முழுக் கத்தியையும் தண்ணீரில் அமுக்கிவிட்டார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நீலம் பாய்ந்து முனை மெத்தென்று ஆகியிருக்குமாம். அந்த வைக்கோல் நிறம் 220, 230 டிகிரி என்று மகன் சொன்னதைக் கேட்டு, "அப்படியா" என்று சந்தோஷமாகச் சிரித்தார்.

பிறகு அரமும் சாணையும். இடப்பக்கம் சரிவு, வலப்பக்கம் கிட்டத்தட்டச் சமம். பூவரசம்பிடி, பித்தளைப் பூண். எட்டு அங்குலக் கத்திக்கு 550 ரூபாய் வாங்கினார். இது குறைவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பதினான்கு மாதமாக இதில்தான் நறுக்குகிறேன். கனம் முன்பக்கம் இருப்பதால் பூசணி, கருணை இரண்டிலும் அமுக்கவே வேண்டாம், இறங்கிவிடுகிறது. தக்காளித் தோல் நசுங்குவதில்லை. வாரத்துக்கு ஒரு தடவை கல்லில் பத்து இழுப்பு இழுத்தால் போதும்.

குறையும் உண்டு. ஈரத்தோடு வைத்தால் ஒரு மணி நேரத்தில் துரு பிடித்துவிடும். துடைத்து, இரவில் தேங்காயெண்ணெய் தடவித்தான் வைக்க வேண்டும். வாழைப்பூ, மாங்காய் அரிந்தால் கத்தியும் கறுக்கும், காயும் கறுக்கும். அதற்கு மட்டும் அந்தப் பழைய ஸ்டெயின்லெஸ்தான். மூன்றாம் மாதம் மெஸ் பையன் ராத்திரி முழுக்க இந்தப் புதுக் கத்தியைக் கழுவும் தொட்டியில் ஊறப் போட்டுவிட்டான், பிடி ஆட ஆரம்பித்தது. கொண்டுபோனேன். பிடியைக் கழற்றி, பிடிக்குள் போகிற வாலைக் காய்ச்சி, அரக்கு வைத்து மறுபடி இறக்கிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஆனால் பையனைக் கூட்டி வராதது தப்பு என்று என்னைக் கடிந்துகொண்டார். வலக்கைக்காரர்கள் இந்தக் கத்தியை எடுத்தால் வில்லை சாய்ந்துதான் விழும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். கோயில் வேலை இருக்கிற மாதங்களில் காத்திருக்க வேண்டிவரும். பழைய கத்தியை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

போன வாரம் அம்மாவுக்கு ஒரு அரிவாள்மனை சொல்லிவிட்டு வந்தேன். ஆடி முடியட்டும், ஆவணியில் செய்கிறேன் என்றார். அம்மாவுக்கு வலக்கைதான் என்று நானாகவே முந்திக்கொண்டு சொன்னேன். "அது இருக்கட்டும் தம்பி. அரியும்போது எந்தக் காலை மடக்கிப் பலகையில வைக்கிறாங்கன்னு பாத்துட்டு வாங்க" என்றார்.