கொல்லிமலைப் பாதையில் ஜிம்னி: இரண்டு வருட அனுபவம்

செம்மேட்டைத் தாண்டி எங்கள் மிளகுத் தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. வெயில் காலத்தில் எந்த வண்டியும் வந்துவிடும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் டிராக்டர் போன தடம் ஒரு சாண் ஆழத்துக்குக் குழியாகி, அதற்குமேல் செம்மண் வழுக்கும். அந்தப் பாதைக்காகத்தான் 2023-ல் மாருதி சுஸுகியின் ஐந்து கதவு ஜிம்னி ஜீப் வந்ததும் மேனுவல் கியரில் ஒன்று எடுத்தேன். இப்போது 34,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

எடுக்கும்போது ஆஃப்ரோடு நண்பர்கள் இரண்டு கட்சியாக நின்றார்கள். "கொஞ்சம் பணம் சேர்த்தால் மஹிந்திராவின் டீசல் தார் ஜீப் வாங்கலாம். 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின், 134 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை), இதை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?" என்றது ஒரு கட்சி. மாருதியின் பழைய ஜிப்சி ஜீப் ஓட்டிக் கைபழகியவர்களோ, "எடையைப் பாருப்பா, 1,200 கிலோதான். சேற்றில் கனத்த வண்டிதான் முதலில் அமிழும்" என்றார்கள். நான் இப்போது ஜிப்சிக்காரர்கள் பக்கம்.

போன மழையில் நடந்ததைச் சொல்கிறேன். முன்பக்க வலது சக்கரம் குழியில் இறங்க, பின்பக்க இடது சக்கரம் அந்தரத்தில் நின்றது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்து, சின்ன லிவரை அமுக்கி இழுத்து 4எல்-இல், அதாவது நாலு சக்கரமும் மெதுவாக, அதிக விசையோடு இழுக்கும் நிலையில் போட்டேன். முதல் கியர், ஆக்சிலரேட்டரில் லேசாகக் கால். தொங்கிய சக்கரம் வெறுமனே சுற்றியது. அப்புறம் அடியிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். வீணாகச் சுற்றும் சக்கரத்தை வண்டியே பிரேக் போட்டுப் பிடிக்கிற சத்தம் அது. விசை மறுபக்கச் சக்கரத்துக்குப் போனதும், மெல்ல ஊர்ந்து மேலே வந்துவிட்டது. முதல் தடவை கேட்பவர்கள் பயந்து காலை எடுத்துவிடுவார்கள். எடுக்கக் கூடாது, அதே அழுத்தத்தில் காலை வைத்திருக்க வேண்டும்.

ஏணி மாதிரி இரும்புச் சட்டத்தின் மேல் உடம்பை வைத்த லேடர் ஃபிரேம், முன்னும் பின்னும் ஒரே தண்டு ஆக்சில், தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் 210 மில்லிமீட்டர் இடைவெளி. இந்தப் பாதைக்கு வேறென்ன வேண்டும்? சேற்றுக்கு முன் டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்குகிறேன். திரும்ப அடிக்க சின்ன கம்ப்ரஸர் எப்போதும் வண்டியில் இருக்கும்.

காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பெரும்பாலும் இரண்டாம் கியர்தான். சலிப்பு இல்லை, அகலம் குறைந்த வண்டி என்பதால் எதிரே பஸ் வந்தாலும் பதற்றம் இல்லை. நாமக்கல் நெடுஞ்சாலையில் கதை வேறு. 90-இல் சுகம், லாரியை முந்த வேண்டுமென்றால் ஒரு கியர் குறைத்தே ஆக வேண்டும். பெட்டி மாதிரி உடம்பு, பக்கக் காற்றடித்தால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். மைலேஜ் லிட்டருக்கு சாலையில் 14 கிலோமீட்டர், மலையில் 11. நாலு பேர் உட்கார்ந்தால் டிக்கியில் 208 லிட்டர்தான் இடம். மிளகு மூட்டை ஏற்ற பின் சீட்டை மடக்கிவிடுகிறேன்.

அறிமுக விலை 12.74 லட்சம் அதிகம் என்று இங்கே பேச்சு. ஆனால் இந்தியாவில் தயாராகும் இதே ஐந்து கதவு வண்டி 2025 ஜனவரியில் 'நோமேட்' என்ற பெயரில் ஜப்பானுக்குப் போனதும், சில நாட்களில் சுமார் 50,000 ஆர்டர் குவிந்து, சுஸுகி முன்பதிவையே நிறுத்திவைத்தது. அங்கே ஜிம்னியை 1970-லிருந்து தெரியும். எதற்கான வண்டி என்று தெரிந்தே வாங்குகிறார்கள்.

வாரம் முழுக்க நெடுஞ்சாலை, வருடத்துக்கு ஒரு தடவை மலை என்றால் வேறு வண்டி பாருங்கள். மண் பாதை உங்கள் வாசலிலேயே தொடங்குகிறதென்றால் ஒரு தடவை மழையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எனக்கு அடுத்த வேலை டயர். கம்பெனி டயர் பாதி தேய்ந்துவிட்டது, இந்த ஐப்பசிக்குள் சாலைக்கும் மண்ணுக்கும் பொருந்தும் ஆல் டெரெய்ன் டயர் மாற்றியாக வேண்டும்.